கிடங்கில் கூடிய மரியாதை

தன் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்குவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிடும். கிடங்கில் பெட்டி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ள ஒரு கண்ணாடி உண்டு. எதிரே இருப்பதும் தெரியும். எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்ற எழுத்தும் கண் முன்னால் மிதக்கும். அந்த எழுத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வைத்தால் கண் நோகாது என்று முடிவு செய்பவள் அவள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, மகள் கண்ணாடிக் கடையில் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். வேலை நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. கிடங்கு மேற்பார்வையாளர் சோதனை அறிக்கையில் அதைப் போட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவரோ பேனாவும் கையுமாக இருந்தார்.

“பதினாலு வருஷமா இங்க இருக்கேன்மா. ஒருத்தர் என்னப் பாத்துத் தலை அசைச்சதில்ல. உன் கண்ணாடி வந்ததுலேருந்து ஆளாளுக்குக் குனியறாங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவள் தரையில் கால் படாமல் நடந்தாள். அப்படியே கை கழுவப் போனபோது, அங்கே பெட்டி எடுப்பவர்களில் மூத்தவளான பெட்டி அக்கா கண்ணாடியை மாட்டியபடியே சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்துப் பணிவாகக் குனிந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, எதிர்ல இருக்கறது நீங்கதானே? உங்களுக்கே எதுக்கு மரியாதை?”

“மரியாதையும் இல்ல ஒண்ணும் இல்ல. முடி கலைஞ்சிருக்கான்னு பாக்கணும். உன் எழுத்து நடு மூஞ்சில உக்காந்திருக்கு. தலையக் குனிஞ்சு கண்ண மட்டும் தூக்கினாத்தான் அது கீழ இறங்குது.”

“அப்போ சாருக்கு?”

“அவர் மூக்கு மேல ‘அலமாரி பதினேழு’ன்னு ஓடுது. அதப் பாத்துக்கிட்டே எப்படிம்மா பேசறது? சிரிப்பு வந்துடும்.”

“ஏன்க்கா சொல்லல?”

“நீ கேக்கலயே.” அக்கா பின்கழுத்தைப் பிசைந்தாள். “கழுத்துதான் இத்துப்போச்சு.”

அவள் சோதித்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து, பத்து நிமிடம். சுவருக்கு முகம் கிடையாது. இத்தனை படித்து, போயும் போயும் சுவரிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறோமே என்று நொந்துகொண்டாள். கையெழுத்தை வாங்கிவிட்டு அப்புறம் சத்தமில்லாமல் திருத்தினால் என்ன? அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் கை இன்னும் கழுத்திலேயே இருந்தது.

அக்காவோடு அலமாரி வரிசைக்குத் திரும்பி, மேற்பார்வையாளரிடம் கண்ணாடியை நீட்டினாள். “சார், நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்க.”

போட்டுக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், எழுத்தும் சாய்ந்தது. எட்டிப் பார்த்தார், எழுத்தும் எட்டிப் பார்த்தது. கடைசியில் அவர் தலை மெல்லத் தாழ்ந்தது, கண்கள் மேலே போயின.

பெட்டி அக்கா கையை உயர்த்தினாள். “இருக்கட்டும் சார். நல்லா இருங்க.”

அந்த வரிசையே வெடித்துச் சிரித்தது. வேலை போகிறதே என்ற பயத்தோடு அவளும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“அப்போ ஒண்ணு கூட எனக்கு இல்லயா?”

“லாரிக்காரருக்கும் இதே மாதிரிதான் குனியறோம் சார்” என்றாள் அக்கா.

அவர் பேனாவை மூடினார். “மொதல்ல அந்த எழுத்தக் கீழ எறக்கு. அப்புறம் பாக்கலாம்.”

அடுத்த பத்து நாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. வரிசைகளுக்கு நடுவே நின்று எல்லோர் உயிரையும் வாங்கினாள். எட்டு வரியை ஒரு வரியாக்கினாள். அதையும் பார்வையின் கீழ் ஓரத்துக்குத் தள்ளினாள். கண்ணைத் தாழ்த்தினால் தெரியும், பெட்டியை எடுத்ததும் மறையும். ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு நடந்த அக்காவின் கழுத்து ஒட்டகச்சிவிங்கிபோல நிமிர்ந்திருந்தது.

கடைசி நாள் மேற்பார்வையாளர் கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தார். ஒருவர்கூடக் குனியவில்லை. “சார், வழி” என்று மட்டும் ஒரு குரல் வந்தது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். குறிப்புக்கான இடத்தில் ஏதோ எழுதிவிட்டு, அவளைப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் குதித்துக்கொண்டே வெளியே ஓடி, அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அதை வாசித்துக் காட்டினாள்: “கண் வலி இல்லை. கழுத்து வலி இல்லை. மரியாதை பழைய நிலைக்கு வந்துவிட்டது.”

அம்மா சற்று யோசித்தாள். “ஏண்டி, கடைக்கு வந்தவங்ககிட்ட ஏதாவது சண்டை போட்டியா?”