கிறிஸ்துமஸ் ஒயின் மதுவில் சேராது

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் மாலை, என் மனைவி கிரேஸ் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கத் தொடங்கினாள். வெள்ளைப் போர்வை. அதில் எறும்பு எதுவும் இல்லை.

"எவ்ளோ எறும்பு பாருங்க. யாரோ சர்க்கரையைக் கொட்டியிருக்காங்க," என்று என்னையும் பொறுக்கச் சொன்னாள். விரல்கள் நடுங்கின. நெற்றி முழுக்க வியர்வை. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றாள் எங்கள் மகள் ஷீலா. நானும் அப்படியே நம்ப விரும்பினேன். சற்று நேரத்தில் கிரேஸ் சலைன் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். ஆசிரியை வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன.

பணியில் இருந்த இளம் டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கன்னடக்காரர்; எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"அங்கிள், ஆன்ட்டி டெய்லி குடிப்பாங்களா?"

ஷீலா சட்டென்று என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் குடி என்றால் அது நான்தான்.

"மம்மியா? சேச்சே! குடிச்சது டாடிதான் டாக்டர். அதுவும் விட்டு எவ்ளோ வருஷமாச்சு."

"ஒண்ணுமே இல்லையா? பீர், ஒயின்?"

"ஒயின் வீட்ல போடுவோம். ஆனா அது கிறிஸ்துமஸ் ஒயின்," என்றேன்.

"கிறிஸ்துமஸ்க்கு மட்டுமா அங்கிள்?"

"சாயங்காலம் ஒரு டம்ளர் எடுத்துக்குவா. தூக்கத்துக்கு."

"எவ்ளோ பெரிய டம்ளர்?"

கையால் அளவு காட்டப் போனவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அது காபி டம்ளர் இல்லை, தண்ணீர் டம்ளர். ஒன்றும் இல்லை, இரண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்றைக்குமே அதைக் குடி என்று நினைத்ததில்லை.

கிரேஸுக்கு வந்திருந்தது டெலிரியம் ட்ரெமன்ஸ் (தினமும் குடித்துப் பழகிய உடலில் மது திடீரென்று நின்றுபோனால் வரும் நடுக்கமும் மனக்குழப்பமும்). கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே மதுப்பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். "அய்யோ, கிடையாது" என்று பதில் சொன்னவன் நான். மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் ஜனங்களைக் கேட்டுப் பாருங்கள். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு போட்டு ஜாடியில் ஊறுவது மதுவில் சேராது. அது கேக்கோடு சேர்ந்தது. சபையில் மதுவிலக்குப் பேசும் பெரியவர் வீட்டிலும் அது இருக்கும்.

என் குடி வேறு மாதிரி. ஃபாக்டரி வேலை, சம்பள நாள், ரம், நடுத்தெருவில் சத்தம். ஊருக்கே தெரிந்த குடி. நாற்பது வயதுகளில் ஈரல் கெட்டு, பயந்து குடியை விட்டேன். விட்ட பிறகு சபையில் என் கதையைச் சாட்சியாகச் சொன்னேன்; கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் புத்தி சொன்னேன். திருந்திய குடிகாரனுக்கு வாய் அதிகம். அந்த வருடங்களில் கிரேஸ் டிசம்பரில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. முட்டி வலி வந்தது. ஷீலா கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்குப் போட்ட ஒயின் ஈஸ்டருக்கும் போடப்பட்டது. பிறகு திராட்சை மலிவாகக் கிடைத்தபோதெல்லாம். ரசல் மார்க்கெட்டில் பேரம் பேசித் திராட்சை வாங்கி வந்ததும் நான்தான். என் குடி வயதோடு இறங்கியபோது அவள் குடி வயதோடு ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரிய மேஜையில்தான் இருந்தது.

வயதாக ஆக உடலில் நீர் குறைகிறது, ஈரல் மெதுவாக வேலை செய்கிறது, அதனால் ஐம்பதில் தாங்கிய அதே டம்ளர் அறுபத்தைந்தில் தாங்காது என்று பிறகு விளக்கினார்கள். சமையலறையில் அவள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதற்கு நாங்கள் டைல்ஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஐசியூவில் நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தயமின் (தொடர்ந்து குடிப்பவர்களின் உடலில் குறைந்துபோகும் ஒரு வைட்டமின்) ஏற்றினார்கள். சில நாட்கள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வாட்ச்மேன் என்று நினைத்து, கேட்டைப் பூட்டச் சொன்னாள். அப்படியே போய்விடுவாளோ என்று பயந்தேன். ஒரு காலையில் கண்ணைத் திறந்து, "என்னங்க, ஷேவ் பண்ணலையா? பாக்க சகிக்கல," என்றாள். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

மனநல மருத்துவர் பேச வந்தபோது அவள் கோபப்பட்டாள்.

"என்னைக் குடிகாரின்னு சொல்றீங்களா? நான் டீச்சர்."

"நான் பேரே வைக்கல மேடம். ஆனா மறுபடி ஆரம்பிச்சா மறுபடி இதேதான் வரும். இன்னொரு தடவை உங்க உடம்பு தாங்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் அவர். கிரேஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இரண்டு விஷயம் சொல்வேன். டாக்டர் கேட்கும்போது ஒயின், கள், மருந்துக்கு என்று குடிக்கும் பிராந்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரோஷத்தில் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். அதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் குல்குல் பலகாரமும் மட்டும் கொடுத்தோம். "ஒயின் எங்க டீச்சர்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாத்தையும் நானே குடிச்சிட்டேன்," என்றாள் கிரேஸ். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். கதவைச் சாத்தியபின் வாக்கரைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இப்போது எங்களுக்கு மாலைதான் நாளின் பெரிய பகுதி. முன்பு எப்படிப் போகும் என்றே தெரியாமல் போய்விடும். இப்போது விளக்குப் போட்டதிலிருந்து சாப்பிடும் நேரம் வரைக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. அவளுடைய உடம்பை நான் இப்போதுதான் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன். புடவைத் தலைப்பை அவள் விரலில் சுற்றத் தொடங்கினால் எனக்குப் புரிந்துவிடும்.

போன வாரம் அவளே வாயைத் திறந்தாள்.

"என்னங்க, எனக்கு இப்ப வேணும். ரொம்ப வேணும்."

என்னிடம் எத்தனையோ புத்திமதி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் குக்கர் சத்தங்கள் கேட்டு ஓய்ந்தன. டிவி போடவில்லை. கை சில்லிட்டு வியர்த்திருந்தது. பிறகு மெல்லச் சூடானது.

"போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"போகல," என்றாள். "நான்தான் அதுகிட்ட போகாம இருக்கேன்."

கையை விடவில்லை. அன்று தாமதமாகத்தான் சாப்பிட்டோம்.