நாற்காலிதோறும் ஒரு டிஷ்யூ பொட்டலம்

"தமிழ் நாடகத்துக்கு இப்ப யாரும்மா வர்றாங்க?" என்று அப்பா கேட்டிருக்க வேண்டாம். அவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. பாதித் தூக்கத்தில்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு, தமிழ் மன்றத்துக்குத் தலைவி. நாடகத்தை எழுதியதும் நான், கதாநாயகியும் நான். அடக்கம் எனக்கு அப்போதும் கிடையாது.

"ஹால் நிறையும்ப்பா. வந்து பாருங்க."

"ஷிப்ட் இருக்கு. பார்க்கலாம் லா," என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

பார்க்கலாம் என்றால் எங்கள் வீட்டில் வரமாட்டேன் என்று பொருள். இருந்தாலும் அவர் வர வேண்டும், நிறைந்த அரங்கைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன அரங்கை எடுத்தோம். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களும் எட்டிப் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு. கணக்கு தப்பவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால் கூட்டம் வருகிறது, வந்த வேகத்தில் திரும்பியும் போகிறது. உள்ளே ஒருவர்கூட உட்காரவில்லை.

காரணம், நாற்காலிதோறும் ஒரு டிஷ்யூ பொட்டலம்! எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் மேசைமேல் அதை வைத்துவிட்டால் இடம் உங்களுடையது. 'சோப் பண்றது' என்போம், குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு பசியென்றாலும் அந்தப் பொட்டலத்தை யாரும் தொடமாட்டார்கள். மன்றத்துக்காரர்கள் ஆளாளுக்குச் சொந்தபந்தம், பழைய தோழி, மாடி வீட்டு ஆண்ட்டி என்று இடம் பிடித்துவிட்டு ஒப்பனைக்கு வந்துவிட்டார்கள். யாருக்காக வைத்தார்களோ அவர்கள் வழக்கம்போல் தாமதம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"ஹவுஸ்ஃபுல் போல. வா, பரோட்டா சாப்பிட்டுட்டுப் போயிடலாம்," என்று வாசலில் ஒருவர் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய முகத்தோடு மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தேன். "முதல் வரிசையை விட்டுடுங்க, அது விருந்தினருக்கு. மத்த டிஷ்யூவை எல்லாம் எடுத்துக்கிட்டு உட்காருங்க. டிஷ்யூ இலவசம்!"

சிரிப்பு கிளம்பியது. எங்கள் வில்லன் ஒட்டுமீசையோடு தேக்கா வரைக்கும் ஓடி, பரோட்டாவுக்கு நின்றவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். அரங்கு நிறைந்தது. நன்றாகவே நடித்தேன், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

முதல் வரிசையில் விருந்தினர் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஓரத்து நாற்காலி மட்டும் கடைசி வரை காலி. அதில் இருந்த பொட்டலம் நான் வைத்தது. வசனம் பேசும்போதெல்லாம் கண் அங்கேயே போனது. கைதட்டல் கேட்டும் மனம் கசந்துதான் இருந்தது.

மேடை வெளிச்சத்தில் பின்பக்கம் தெரியாது. கூட்டம் கலைந்த பிறகுதான் பார்த்தேன். பின்சுவரில் சாய்ந்தபடி, வேலைச் சீருடையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"எப்பப்பா வந்தீங்க?"

"ஆரம்பத்துலேர்ந்து இங்கதான். ஷிப்ட் மாத்திக்கிட்டேன். ஹால் நிறைஞ்சிடுச்சே!"

"ஏன் நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

"முன்னாடி ஒரு இடம் இருந்துச்சு. யாரோ சோப் பண்ணிட்டாங்க லா."

"நான்தாம்ப்பா. உங்களுக்குத்தான்."

அவர் காலி நாற்காலிகளுக்கு நடுவே முன்வரிசை வரை நடந்தார். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல் காட்சியை இன்னொரு தடவை போடேம்மா," என்றார்.

விளக்கை அணைக்க வந்தவரைக் கையமர்த்திவிட்டு மேடையேறினேன்.