மலிவுத் தோட்டாவும் குல் பாயின் வெந்நீரும்

துப்பாக்கித் தோட்டா விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: வாங்கிப்போனவர் சுட்டு, துடைத்து, மறுபடி எடுத்துப் பார்க்கிற வரைக்கும் விற்றவன் சொன்னதே வேதம். புடவைக் கடையிலும் செல்போன் கடையிலும் நின்றவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆனாலும் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் எல்லாத் துறையிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஊர் பேரில் கிடைத்த வேலை

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருடம் கழித்து, சென்னையில் ஒரு ஏஜென்சி மாடியில் இன்டர்வியூ. ஓமனில் சோஹாரில் வேட்டைச் சாமான் கடை. லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி, தோட்டா. மற்றவர்களுக்குக் கூடாரம், தூண்டில். விற்பனைக்கு ஆள் வேண்டும் என்று கடை மேனேஜர் குரியன் சாரே வந்திருந்தார். எனக்கு நாற்பது வயது. கையில் பெரிய படிப்பு இல்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் சிவகாசி என்று இருந்தது. அதைப் பார்த்ததும் சார் முகம் மலர்ந்தது.

சிவகாசியில் நான் பார்த்தது காலண்டர் அச்சகத்தில் கட்டிங் மெஷின். வெடிமருந்தைத் தீபாவளிக்குத் தீபாவளி தூர நின்று பார்த்ததோடு சரி. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சார் பேப்பரில் டிக் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ஏஜென்டிடம் சொன்னார்: "சிவகாசி ஆளல்லே? மருந்தோட வளர்ந்தவனாயிருக்கும். இவன் மதி, போதும்."

ஒரே தோட்டா, இரண்டு விலை

கடையில் தோட்டா இரண்டு வகை. ஒன்று புதுசு, பளபளக்கிற அட்டைப் பெட்டியில் வரும். இன்னொன்று ஏதோ ஒரு நாட்டு ராணுவம் பழசென்று கழித்துவிட்டது. பச்சைத் தகரப் பெட்டி, மேலே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. விலை மூன்றில் ஒரு பங்கு. வெள்ளிக்கிழமைகளில் வாதி என்கிற வறண்ட ஆற்றுப்படுகைக்குள் பலகை நட்டுக் குறிபார்த்துச் சுடுகிற ஓமானிகள் தகரப் பெட்டியைத்தான் தூக்குவார்கள்.

என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடும் அல்லவா? "பெட்டிதான் வேற, உள்ளே எல்லாம் ஒண்ணுதான்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அடித்துவிட்டேன். அவர் இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒண்ணுதான்னா, உங்க முதலாளி அட்டைப் பெட்டியைத்தான் அந்த விலைக்கு விக்கிறாரா?"

பெஞ்சில் கெட்டில்

கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அங்கே குல் பாய் துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பார். பெஷாவர் பக்கத்துக்காரர், பட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப்போய் அவரைத்தான் விசாரிப்பார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பார்க்கிறேன், ஒருவர் சுட்டுவிட்டுக் கொண்டுவந்த துப்பாக்கியின் குழலில் குல் பாய் டீ கெட்டிலைச் சரித்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறார். கறுப்பாக ஒழுகுகிறது. இரும்பில் தண்ணீர் ஊற்றலாமா என்று பதறிப்போய்க் கேட்டேன். பழைய தோட்டாவின் பின்னால் ஊசி அடிக்கிற சின்ன மூடியில் உள்ள மருந்து எரிந்தால் உப்பு மிஞ்சும். அது குழலில் ஒட்டிக்கொண்டு, கடல்காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவந்துவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. வெந்நீரில் கழுவி, காய்ந்த பிறகுதான் எண்ணெய் என்று பொறுமையாகச் சொன்னார். நான் நம்பாத முகத்தோடு நின்றேன். இரண்டு கஸ்டமர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரித்தபடி கேட்டார்: "சேகர் பாய், உப்பு மீன் வச்ச பாத்திரத்தை உங்க வீட்டுல எண்ணெய் ஊத்தியா கழுவுவாங்க?"

கஸ்டமர்களும் சிரித்தார்கள்.

நான் செய்த காரியம்

அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் செரிக்கவில்லை. மூன்றாம் நாள், குல் பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மேனேஜர் கேபினுக்குப் போனேன். பெஞ்சில் தண்ணீர் ஊற்றுகிறார், வருகிற துப்பாக்கியெல்லாம் வீணாகிறது, நாளைக்குக் கம்ப்ளெயின்ட் வந்தால் கடை பெயர் கெடும் என்றேன். சார் புருவத்தை உயர்த்தி, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். "மருந்து இருக்கிற இடத்துல தண்ணியே காட்டமாட்டோம் சார்" என்றேன். பத்து வருடம் காலண்டர் வெட்டினவன் சொல்கிற பேச்சா அது?

அவரைக் கோடவுனுக்கு மாற்றுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததாக இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த மாதம் குல் பாயின் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். தம்பிக்கும் ஒரு விசா கேட்டு வைத்திருந்தார். அது கடை முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். மேனேஜர் கஃபீலிடம், அதாவது விசா கொடுக்கிற ஓமானி முதலாளியிடம் பேசினார். புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. குல் பாயைக் கூப்பிட்டு, யார் சொன்னது என்று சொல்லாமல், கம்ப்ளெயின்ட் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். போகிற அன்றைக்கு எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அவர் டாக்ஸி கிளம்பியதும் மேனேஜர் என் தோளில் தட்டிச் சொன்னார்: "சேகரே, இனி பெஞ்சு உன்டேது. ஒரு துள்ளி தண்ணி பாடில்லா."

ஹமத் திரும்பி வந்தார்

ஹமத் பேரீச்சந்தோட்டக்காரர். அறுபது வயதிருக்கும். அவரிடம் அவர் அப்பா வைத்திருந்த த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி இருந்தது. அதை வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். குல் பாய் போனபின் ஒரு வெள்ளிக்கிழமைச் சுடும் போட்டிக்கு என்று வந்தவருக்கு நான்தான் தகரப் பெட்டியை எடுத்துக்கொடுத்தேன். சுட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே துடைக்கக் கொண்டுவந்தார். எண்ணெயை விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்து இழுத்துத் துடைத்தேன். பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் வந்தார். துப்பாக்கியை என் கையில் கொடுத்து, குழலை வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நீளத்துக்கும் செம்மண் பூசின மாதிரி துரு. நடுவில் அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. துப்பாக்கியைக் குழந்தையை வாங்குகிற மாதிரி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பட்டான் எங்கே? அவன் தண்ணி ஊத்தி ஒன்பது வருஷம், துரு மாஃபி, இல்லவே இல்ல. நீ எண்ணெய் ஊத்தி ஒன்பது நாள், கலாஸ்."

பெஷாவருக்கு ஒரு போன்

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குல் பாயின் ரூம்காரரிடம் நம்பர் வாங்கி, போன் கார்டு போட்டுக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று எழுத ஆசை. ஹமதின் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி என்ன செய்வது என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை பேரில் நீங்கள் ஒருத்தர்தான் நினைத்துக் கூப்பிட்டீர்கள் என்றார். வேன் ஓட்டுகிறாராம். தம்பியும் சும்மா இருக்கிறானாம். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். குழலின் பின்பக்கத்திலிருந்து இரண்டு கெட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும், அந்தச் சூட்டிலேயே காயவிட வேண்டும், எண்ணெய் கடைசியில். விழுந்த குழி விழுந்ததுதான், மேலே பரவாது, ஹமத் சாச்சாவிடம் என் சலாம் சொல்லுங்கள் என்றார்.

போனை வைக்கப்போகும்போது, மேனேஜரிடம் தன்னைப் பற்றிச் சொன்னது யார், தெரியுமா என்று கேட்டார். கார்டில் இன்னும் நிமிஷம் இருந்தது. எனக்கும் வாய் இருந்தது. "தெரியலை பாய்" என்றேன். அப்புறம் குல் பாய் சொன்னார்: "தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லாதீங்க சேகர் பாய். அந்த ஆளோட நீங்க தினம் ஒரே கடையில நிக்கணுமே."

அதற்குப் பிறகு ஆறு வருடம், மலிவுத் தோட்டா கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் உள்ளது உள்ளபடி சொல்லித்தான் விற்றேன், குல் பாய் ஒருவருக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.