பட்டியலில் முதல் பேர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை தப்பாக எழுதிக் கொடுத்தது போதும்.

அம்மா. பெரியம்மா, நாற்று அவருடையது. கோடி வீட்டுச் சின்னம்மா, அவருடைய ஓரகத்திகள் இரண்டு பேர். பால் ஊற்றுகிற அக்கா, கட்டுப் போட்ட கையோடு. டைலர் அக்கா. நூறு நாள் வேலையில் அம்மாவோடு மண் சுமக்கும் பெண்கள் நான்கு பேர். ஆகப் பெண்கள் பதினொரு பேர். எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருந்த தென்காசி அண்ணன், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. டிரெய்லர் லாரியில் வந்த இந்திக்கார டிரைவர் ஒருவர். அப்புறம் இடுப்பில் தம்பியோடு நான். அப்போது ஆறாம் வகுப்பு.

அத்தை இல்லை. இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன். அப்பாவின் தங்கையான என் அத்தை அன்றைக்கு அங்கே இல்லை.

எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் ஒரே வழியில், குறுக்கு வழி என்று கம்பெனி லாரிகள் ஓட ஆரம்பித்து, அந்த வருஷ மழைக்கு ரோடு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. முழங்கால் ஆழத்துக்குச் சேறு. ஷேர் ஆட்டோ உள்ளே வர மாட்டேன் என்றது. ஸ்கூல் வேன் நின்றுபோய்ப் பத்து நாள். பால் ஊற்றுகிற அக்கா கேனோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டார். மனு மூன்று தடவை கொடுத்தாயிற்று. மனுவை வாங்கிக்கொள்கிறவர்கள் ஒரு தடவைகூட முகம் கோணியதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

யோசனை சொன்னது தென்காசி அண்ணன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், பேண்ட்டை மடித்துச் சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்கூர்ல ரோடு இப்பிடிக் கெடந்துச்சின்னா பொம்பளையாளுவ எறங்கி நாத்து நட்ருவாவக்கா. அத போட்டோ பிடிச்சிப் போட்டாப் போதும், மறுநாளே ஆபீசருமாரு ஓடி வந்துருவாவ."

அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. நடவு தெரியாத பெண் எங்கள் ஊரில் அப்போது கிடையாது. நட நிலம்தான் கிடையாது. பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு கம்பெனி காம்பவுண்டை ஒட்டி அரைக் காணி மிச்சம் இருந்தது. நட்டது போக நாற்று நாலு கட்டு இருக்கிறது என்றார்.

காலை பத்து மணிக்கு இறங்கினார்கள். போட்டோவுக்குத்தான் என்றால் நாலு நாற்றைச் செருகிவிட்டு வந்திருக்கலாம். இவர்களுக்கு அது வரவில்லை. வரிசை பிடித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, வயலில் நடுவது போலவே நட்டார்கள். டைலர் அக்கா இரண்டு நாற்றைச் சாய்வாக வைத்ததற்குப் பெரியம்மா பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி நடுற நீ? வேரு மேல கீது பாரு. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்கிற மாதிரி வெக்கிற!"

"ஆமா, இதுல நீ அறுத்துப் பொங்கல் வெக்கப் போறியாக்கும்."

"வெச்சாலும் வெப்பேன். அழுத்தி நடு."

அந்த டிரெய்லர் வந்தது அப்போதுதான். டிரைவர் இறங்கிப் பார்த்தார், சிரித்தார், என்னவோ இந்தியில் சொன்னார். பத்து நிமிஷம் நின்றுவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு போலீஸ் காகிதத்தில் இதுவே இரண்டு மணி நேரம் போக்குவரத்து முடக்கம் என்று இருந்தது.

நட்டு முடித்துக் கை கழுவும்போது கோடி வீட்டுச் சின்னம்மா சொன்னார்: "பேரு எழுதிக்கினீங்களா? பேரு எழுதாம வேல செஞ்சா எவனுக்குத் தெரியும்? நாளிக்கு ரோட்டப் போட்டுட்டு, நான்தான் போட வெச்சேன்னு பிரசிடெண்டு மாலைய மாட்டிக்குவாரு."

எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். நூறு நாள் வேலை பழக்கிய பழக்கம் அது. தாளில் பேர் இருந்தால்தான் நீ வந்தாய். பேர் இல்லையென்றால் நாள் முழுக்க மண் சுமந்தாலும் வரவில்லை. வர முடியாமல் போனவளுக்கும் கூட்டாளிகள் சொல்லி ஒரு பேர் எழுத வைப்பார்கள். அது ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்ததில்லை. ஒருத்திக்கொருத்தி செய்துகொள்ளும் ஒத்தாசை.

வகுப்பில் என் கையெழுத்துக்குப் பேர் உண்டு. தம்பியை இறக்கி விட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினேன். கோடி வீட்டுச் சின்னம்மா, பிரசவத்துக்குப் போயிருந்த தன் மருமகள் பேரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். தென்காசி அண்ணன் பேரை எழுதலாமா என்று கேட்டேன். "அவுரு நம்ம ஊரு ஆளு இல்ல, நூறு நாள் அட்ட கெடயாது, வுடு" என்றார்கள்.

அத்தை பேரை எழுதச் சொன்னது யாரும் இல்லை. நானாக எழுதினேன்.

அத்தை கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். காருக்குள் போகும் ஒயரைக் கட்டும் கம்பெனியில் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சேற்றில் போனவர் அவர்தான். மெயின் ரோட்டில் போய்க் காலைக் கழுவிக்கொள்ள பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோவார். ஊரே பேர் கொடுக்கும்போது அவருக்கு மட்டும் இல்லையா என்று எனக்குத் தோன்றியது. தலைப்புக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தேன், அழகுக்காக. அதில் அத்தை பேரை எழுதினேன். மொத்தம் பதின்மூன்று பேர். அத்தை முதலில்.

மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கான்ஸ்டபிளோடு வந்தார். அதற்குள் தென்காசி அண்ணனின் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் அதட்டவில்லை. எங்கள் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"கலெக்டர் ஆபீஸ்ல கேக்குறாங்கம்மா. யார் யாரு நட்டீங்கன்னு பேரு குடுத்தீங்கன்னா மேல அனுப்பிடுவேன்."

யாரும் சொல்லாமலே நான் ஓடிப்போய்த் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் மேலிருந்து கீழாகப் படித்தார்.

"யாரு எழுதினது? பாப்பாவா? முத்து முத்தா கீதே எழுத்து! எங்க ஸ்டேஷன் ரைட்டருக்கே வராது."

அன்றைக்கு ராத்திரி வரை அதைத்தான் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் பதின்மூன்று பேருக்கும் சம்மன் வந்தது. சட்டவிரோதமாகக் கூடியது, பொது வழியை மறித்தது, ரோட்டைச் சேதப்படுத்தியது. இல்லாத ரோட்டை எப்படிச் சேதப்படுத்துவது என்று பெரியம்மா கேட்டார்.  நூறு நாள் வேலைத் தாளுக்குப் பழகியவர்கள், போலீஸ் வாங்கிப் போன தாள் எதற்கு என்று அன்றைக்குக் கேட்க மறந்துவிட்டார்கள். முதல் பேர் யாருடையதோ அவர்தான் ஏ-ஒன், தூண்டிவிட்டவர். தென்காசி அண்ணன் பேர் எதிலும் இல்லை. அவர் அந்த வாரமே ரூமைக் காலி செய்துவிட்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டார். போகும்போது அம்மாவிடம், "யக்கா, எங்கூர்ல இப்பிடில்லாம் கேஸ் போட மாட்டாவ" என்றார். அழுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

அத்தைக்கு அந்த மாதம்தான் பெர்மனென்ட் லிஸ்டில் பேர் வந்திருந்தது. ஆறு பேரில் ஒருவர். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அதில் கேஸ் இருப்பதாக வந்துவிட்டது. அத்தை கம்பெனியில் கெஞ்சினார். அன்றைக்கு ஏ ஷிஃப்ட், ஐந்து ஐம்பதுக்கு கார்டு பன்ச் பண்ணியிருக்கிறேன், மத்தியானம் வரை லைனில் நின்றேன், அதை மட்டும் ஒரு லெட்டராகக் கொடுங்கள் என்றார்.

"கேஸ் பேப்பர்ல கம்பெனி பேர் வரக் கூடாதும்மா. நீ காண்ட்ராக்ட்டு. காண்ட்ராக்டர்கிட்ட கேளு" என்றாராம் அங்கே இருந்தவர்.

காண்ட்ராக்டர் மாறிவிட்டார். பழையவர் போன் எடுக்கவே இல்லை. அத்தை உண்மையில் இருந்த இடத்தின் பட்டியலை யாரும் தரவில்லை. இல்லாத இடத்தின் பட்டியலை நான் முத்து முத்தாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஸ்டேஷனில் அந்தத் தாளின் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், பையைக்கூடக் கீழே வைக்காமல் அத்தை என் முன்னால் வந்து நின்றார்.

"உன் எழுத்துதானே அது?"

"ஆமா அத்த."

"எம் பேர யாரு எழுதச் சொன்னது?"

 அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, ஆனாலும் நினைத்தேன்.

"அம்மா" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. ஒரு கை அரிசியைக் களைந்து முடிக்கிற நேரம். அப்புறம், "ஆமா, நான்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன்" என்றார்.

"வேலைக்குப் போறவ பேர மொதல்ல வெச்சிக் குடுத்துட்டு, தெரியாமலா? நல்லா இருங்க அண்ணி."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சமையலறை. "உங்க அம்மாகிட்ட உப்பு எங்க கீதுன்னு கேளு" என்பார் அத்தை. உப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நடுவில் நான் இருந்தேன். பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்று வாரத்தில் ரோடு போட்டார்கள். ஒரு கம்பெனியின் புது யூனிட் திறக்க யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று இரண்டே நாளில் போட்டார்கள். லாரிச் சக்கரம் படாத நாற்று அதற்குள் பச்சை கட்டி நன்றாக வேர் பிடித்திருந்தது. ஜல்லி கொட்டும் ஆளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெரியம்மா ஓரத்தில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் வைத்தார். திறப்பு விழாவில் பிரசிடெண்ட் மாலை போட்டுக்கொண்டார்.

கேஸ் மட்டும் நின்றது. வாய்தா, வாய்தா என்று மூன்று வருஷம். அம்மா கோர்ட்டுக்குப் போகிற நாளெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் நிற்க ஆரம்பித்தேன். அப்படி நின்று நின்று என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முழுசாக நின்றுவிட்டது. பெர்மனென்ட் லிஸ்டிலிருந்து அத்தை பேரை எடுத்து, பிறகு காண்ட்ராக்டிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். சரிபார்ப்பு கேட்காத ஒரு கேன்டீனில் காய் நறுக்கப் போனார்.

கடைசியில் வக்கீலே வழி சொன்னார். தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றைக்கே முடியும், இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷமோ தெரியாது. அன்றைக்கு நானும் போயிருந்தேன். கதவோரம் நின்று பார்த்தேன். மாஜிஸ்திரேட் அம்மா ஒவ்வொருவராகக் கேட்டார். செய்தீர்களா? ஆமாங்கம்மா. பெரியம்மா மட்டும், "நல்லாதாங்கம்மா நட்டோம்" என்றார். வக்கீல் இருமினார். கோடி வீட்டுச் சின்னம்மாவின் மருமகளும் ஆமாங்கம்மா என்றாள். இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை இருந்தது. நடவு நடந்த அன்றைக்குக் காலையில் பிரசவ வார்டில் பிறந்த பிள்ளை அது.

அத்தை முறை வந்தது.

"நான் இல்லைங்கம்மா. நான் அன்னிக்கு லைன்ல நின்னுகினு இருந்தேன்."

வக்கீல் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அத்தை மறுபடியும் அதையே சொன்னார். பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு அறுநூறு ரூபாய் அபராதத்தோடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கேஸ் முடிந்தது. நட்டவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அத்தை கேஸை மட்டும் தனியாகப் பிரித்து அடுத்த வாய்தா போட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் சலித்துக்கொண்டார்.

"இல்லன்னா இல்லன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்மா. கம்பெனி வராது. நீ அங்க இல்ல, உம் பேர சும்மா எழுதிட்டாங்கன்னு சொல்ல வேற யாராச்சும் கீறாங்களா?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "யாரும் இல்லீங்க சார்" என்றார்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அபராதம் கட்டக் காசு இல்லாமல்தான் இப்படி அடம் பிடிக்கிறார் என்று நினைத்து, "காசு இல்லையா அத்த? என் உண்டியல்ல கீது" என்று சொன்னேன். அத்தை என்னையே பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

வக்கீல் தேடிய சாட்சி நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் கேட்கப் பயமாக இருக்கிறது. தெரிந்தபின் வக்கீல் வீட்டுப் படி வரை இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறேன். போன மாதமும் வாய்தாவுக்கு அத்தை தனியாகத்தான் போனார். ஆமாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தையும் மற்றவர்களைப் போல வெளியே வந்துவிடலாம். அதற்கு அவர் கட்ட வேண்டியது இன்றைக்கும் அதே அறுநூறு ரூபாய்தான்.