பாங்காக் சட்டை

இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜென்ட்டுகளுக்கு அறிவித்த பாங்காக் பயணப் பரிசுக்கு எனக்கு ஒரே ஒரு பாலிசி குறைந்தது. பூந்தமல்லி தையல்காரர் காதர் பாய், மூன்று வருடத்தில் மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சேமிக்க வழி கேட்டார். பதினைந்து வருட பாலிசியில் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

மறுவாரம் சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்.

"பாங்காக் போறீங்களாமே சார், இது நம்ம அன்பளிப்பு. பாப்பா காலேஜ் சேர்றப்போ துட்டு கைக்கு வந்துடும்ல?"

நாடா என் கழுத்தைச் சுற்றியிருந்தது.

"வராது பாய். இப்பவே ரத்து பண்ணா கட்டினது திரும்பக் கிடைச்சுடும்."

பாய் ரத்து செய்ததும் பயணம் கைநழுவிப் போயிற்று, பிறகு கம்பெனியையும் விட்டேன். இப்போது பாலிசி விற்பதில்லை, கட்டணம் வாங்கி ஆலோசனை மட்டும் சொல்கிறேன்.

பாய் சட்டையைத் தைத்துக் கொடுத்தார். கூலியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆலோசனை கேட்கும் புதியவர்களைப் பார்க்க அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போகிறேன். கழுத்து இன்னும் கொஞ்சம் இறுக்கம்தான்.