மாயவனுக்கும் அரியமுத்துவுக்கும் நாலு மாதம்

எறையூர் சர்க்கரை ஆலையின் கரும்பு யார்டில் அரியமுத்தண்ணனின் சத்தம் கேட்காத நாள் கிடையாது. கரும்பு வண்டிகளை வந்த வரிசைப்படி எடைமேடைக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. ஒருமுறை குன்னம் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் தன் டிராக்டரை முன்னால் விடச் சொல்லி ஆளனுப்பினார். "அவரு யாரா இருந்தா எனக்கென்ன? இந்த முப்பது வண்டிக்கும் பின்னாடி வந்தவரு. பின்னாடியே நிக்கட்டும்!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன. அவருடைய அப்பா செல்லக்கண்ணு, அந்த மாதிரிப் பண்ணை வாசலில் வெளியே நின்றே கூலி வாங்கிச் செத்தவர். மகனுக்குக் கோபம் சும்மா வரவில்லை.

நான் எடைமேடையில் கிளார்க். இங்கிலீஷ் எழுதுவேன் என்பதால், 1981 தை மாதம் ஒரு விசா விண்ணப்பத்தை என் மேஜைமேல் வைத்தார்.

அவருடைய அண்ணன் மாயவன் பதினெட்டு வயதில் தாய்மாமனோடு மலேயாவுக்குப் போனவர். ரப்பர் தோட்டத்தில் வேலை. இருபத்தொன்பது வருடமாகக் கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. இப்போது மாயவனின் மகள் எழுதியிருந்தாள்: அப்பாவுக்கு நெஞ்சு முழுக்கக் கெட்டுவிட்டது, டாக்டர் மூன்று மாதம்தான் சொல்கிறார்.

"அம்மாவுக்கு முழங்கால் போயிடுச்சு. நான் போயி அவன் மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் தம்பி அதுக்குச் சோறு எறங்கும்" என்றார். பாஸ்போர்ட்டை முந்தின வருடமே எடுத்து வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுத்தேன். திருச்சியில் ஒரு டிராவல்ஸ்காரர் மூலம் காகிதங்கள் மெட்ராஸ் போயின, பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தன.

நானும் அண்ணனோடு திருச்சிக்குப் போனேன். டிராவல்ஸ் பாலசுந்தரம், சிவப்பு மையில் கோடிட்ட இடத்தைக் காட்டினார்.

"அண்ணன் பொறந்தது முப்பத்தேழு, பிப்ரவரி பத்து. நீங்க அதே வருஷம் ஜூன் ஒண்ணு. கூடப் பொறந்தவங்கன்னு வேற எழுதியிருக்கீங்க. ஒரு தாய்க்கு நாலு மாசத்துல ரெண்டு புள்ளையா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் மேஜையில் ஓங்கி அடித்ததில் டீ கிளாஸ் கீழே விழுந்தது.

"எங்கம்மாவப் பத்திச் சிரிச்சா வாயில பல்லு இருக்காது, பாத்துக்க!"

எனக்கு அந்த ஆள்மேல் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அதைவிட என்மேல். எண்ணைச் சரிபார்க்கத்தான் எனக்குச் சம்பளமே. இரண்டு தேதியையும் என் கையாலேயே எழுதியும் கண்ணில் படவில்லை.

நடந்தது இதுதான். 1942இல் செல்லக்கண்ணு இரண்டு பையன்களையும் ஒரே நாளில் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். மாயவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததால் எட்டு வயதாகிவிட்டது. தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தம்பியின் விரல் காதைத் தொட்டது, மாயவனின் கை கழுத்துவரை போனது. வாத்தியார் இருவருக்கும் ஐந்து என்று எழுதிக்கொண்டார். தேதியும் அவர் மனதில் தோன்றியதுதான். படிக்காத வீட்டுப் பிள்ளைதானே, எந்தத் தேதியாக இருந்தால் என்ன என்கிற அலட்சியம். அந்தச் சர்டிபிகேட்டோடுதான் மாயவன் கப்பலேறினார், தம்பி ஆலையில் சேர்ந்தார்.

"தேதியத் திருத்த கோர்ட்டுக்குப் போகணும், ஒரு வருஷம் ஆகும்" என்றார் பாலசுந்தரம். "ஒங்கப்பாவுக்கு ரெண்டு சம்சாரம்னு எழுதிடுங்க. அண்ணன் மூத்தவளுக்குப் பொறந்தவர், நீங்க எளையவளுக்கு. ஒங்கம்மா கைநாட்டு வச்சா விசா வந்துரும்."

பெரம்பலூர் வரும்வரை பஸ்ஸில் அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார். வாத்தியாரை, பாலசுந்தரத்தை, என்னை.

வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் அவர் வீடு. அம்மா கொளஞ்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏண்டா, செத்த மனுஷனுக்குக் கல்யாணம் பண்ணி வக்கிறீங்களா?" என்று எகிறினார். "மாயவன் என் புள்ள இல்லன்னு நான் கை வக்கணுமா? எவண்டா சொன்னது? மூணு நாளு வலியெடுத்துப் பெத்தவடா நான்!"

"அப்ப நான் ஒம் புள்ள இல்லன்னு எழுதிக்க!" அண்ணனும் பதிலுக்குக் கத்தினார். "மாயவன் ஒருத்தன்தான் ஒனக்கு. நான் எவளோ பெத்தவன். போதுமா?"

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் கொளஞ்சியம்மாள் உடனே என் பக்கம் திரும்பினார்.

"அப்படியே எழுதுப்பா."

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. யோசிக்கக்கூட இல்லையே என்று நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஏன்டா மொறைக்கிற?" என்றார் அம்மா. "காகிதத்துல என்ன எழுதுனாலும் நீ சாயங்காலம் சோத்துக்கு இங்கதான் வருவே. அவனுக்கு அந்தக் காகிதத்த வுட்டா நான் வேற எங்கடா இருக்கேன்?"

அண்ணன் சத்தமில்லாமல் நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் பெரம்பலூர் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தார்கள். 'மாயவன் எனக்கு ஒரே மகன். அரியமுத்து என் கணவரின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர்.' கொளஞ்சியம்மாள் அதன் கீழே கட்டைவிரலை அழுத்தி வைத்தார். ஊரையெல்லாம் வரிசை தப்பாமல் நிற்கச் சொல்லும் மனிதர், தான் பிறந்த வரிசையிலிருந்து தானே விலகிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் விசா வந்தது. மாயவன் உயிரோடு இருக்கும்போதே அரியமுத்தண்ணன் அங்கே போய் இறங்கிவிட்டார். "விசாவுக்குத் தொந்தரவு குடுத்தாங்களாடா?" என்று மாயவன் கேட்டாராம். தம்பி 'இல்லை' என்றாராம். அதற்குப் பிறகு ஒன்பது நாள் மாயவன் இருந்தார்.

திரும்பி வந்த அன்று நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு வீட்டுக்குப் போனேன். கொளஞ்சியம்மாள் அழுது முடித்திருந்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டார். கடைசியில், "அந்தக் காகிதத்தத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றார்.

"குடுக்க மாட்டாங்கம்மா. அங்கயேதான் இருக்கும்."

"அதுல எனக்கு ஒரே புள்ள மாயவன்னுதான எழுதுனீங்க? அவனும் போயிட்டான். அதும்படி பாத்தா இப்ப எனக்கு யாருடா இருக்கா?"

அரியமுத்தண்ணன் பெட்டியைக் காலால் எட்டித் தள்ளினார். யார்டில் கத்துவதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"காகிதம் கெடக்குது கழுத! சாயங்காலம் ஆயிடுச்சு, பசிக்குது. சோத்தப் போடும்மா!"

கொளஞ்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தட்டை எடுத்தார்.