பென்சில்வேனியாவில் ஓடிப்போனவன்

அமெரிக்காவில் சரித்திர ஆராய்ச்சி செய்யும் சித்தி, ஊருக்குப் போகிற வழியில் ஒரு வாரம் எங்களோடு தங்க, துபாயை அடுத்த அஜ்மானுக்கு வந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. சரித்திரம் என்றால் ராஜா, கோட்டை, சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். சித்தி படித்ததோ, அமெரிக்கா ஒரு தனி தேசம் ஆவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறி, அங்கே கூலி வேலைக்குப் போனவர்களைப் பற்றி. ஒப்பந்தம் முடியும்வரை அவர்கள் முதலாளியை விட்டு நகரக் கூடாதாம். ஓடிப்போனால் அந்த முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தேடுவானாம். இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று அம்மா கேட்டாள்.

எனக்கு அந்த விளம்பரங்கள் ரொம்பவே பிடித்துப்போயின. அந்தக் காலத்தில் போட்டோ கிடையாது, ஆளை எழுத்திலேயே காட்ட வேண்டும். அம்மைத் தழும்பு, நீலச் சட்டை, வேகமாகப் பேசுவான், பிடில் வாசிப்பான் என்று சித்தி சொல்லச் சொல்ல, யாரோ ஒருவன் எங்கள் ஹாலில் வந்து நிற்பதுபோல் இருக்கும்.

"ஒழுங்கா வேலை பாத்தவனப் பத்தி எவனும் ஒரு வரி எழுதல. ஓடிப்போனவன் மூக்கு எப்படி இருக்கும்ங்கிறது வரைக்கும் எழுதி வச்சிருக்கான்" என்றாள் சித்தி.

அவ்வளவுதான், நானும் ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்குத் தொப்பை உண்டு, கேட்டால் இல்லை என்பார். மாமா குள்ளம், முன்பல் பாதி உடைந்திருக்கும், இடது முழங்கையில் சூடுபட்ட தழும்பு, குளிக்கும்போது விசிலடிப்பார், காலிங் பெல் அடித்தால் நிறுத்திவிடுவார்.

மாமா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் கடைசித் தம்பி. படிப்பு ஏறாமல் துபாய்க்கு வெல்டராக வந்தவர். லீவில் இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊருக்கு அனுப்பாமல் இழுத்தடித்த கம்பெனியை விட்டு, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வெளியேறி வந்திருந்தார். பாஸ்போர்ட் அவர்கள் கையில். பிடிபட்டால் அவருக்கு ஜெயில், இடம் கொடுத்த அப்பாவுக்கும் ஆபத்து. அரசாங்கம் என்றைக்காவது இப்படி விசா இல்லாமல் இருப்பவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவிக்கும், அன்றைக்கே விமானம் ஏற்றிவிடலாம் என்று வீடே காத்துக்கொண்டிருந்தது. எனக்கு வாய் நீளம் என்பதால் யாரும் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவின் ஆபீஸ் நண்பர் பிரியாணி சாப்பிட வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் கேட்டது எதுவும் வயிற்றில் தங்காது. எந்தக் கம்பெனியில் விசா வேலை பார்க்கிறவரும் அவருக்கு 'பாய்'தான், அத்தனை பழக்கம். மாமா தூங்குகிறார் என்று சொல்லி உள் அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

ஆளைச் சொல்கிறேன், யாரென்று கண்டுபிடியுங்கள் என்று நான் விளையாட்டைத் தொடங்கினேன். அப்பாவின் தொப்பைக்கு அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் குஷியில் அடுத்தது மாமாவை எடுத்துவிட்டேன். குள்ளம், உடைந்த பல், முழங்கைத் தழும்பு. அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டாள்.

"இது யாரும்மா, இந்த வீட்லயா இருக்காரு?" என்றார் அங்கிள்.

நான் வாயைத் திறக்கும் முன் சித்தி ஒரு சிக்கன் துண்டை அதில் திணித்தாள்.

"பென்சில்வேனியாக்காரன் சார். முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி இரும்புப் பட்டறையில கை சுட்டு, அங்கேருந்து ஓடிப்போனவன்."

பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! இரும்பை எப்படி உருக்கினார்கள், கரிக்கு எத்தனை மரம் வெட்டினார்கள், கப்பலில் என்ன சாப்பாடு என்று மூச்சு விடாமல் பேசினாள். அங்கிள் முதலில் தலையாட்டினார், பிறகு போனைப் பார்த்தார், பிறகு கொட்டாவி விட்டார். கடைசியில் பாயசம்கூட வேண்டாம் என்று கிளம்பிப் போயேபோய்விட்டார்.

எனக்கு மகா கோபம். நான் சொன்ன மாமாவை எங்கேயோ பென்சில்வேனியாவில் கொண்டுபோய் வைத்துவிட்டாளே! மாமா வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். கதவைத் திறந்து வந்த மாமா தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறார்.

"அக்கா, அவன் கடைசில என்னக்கா ஆனான்? பிடிச்சிட்டாங்களா?"

சித்தி எச்சில் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி பிரித்து அடுக்கினாள்.

"இல்லடா. ஊரு போய்ச் சேந்துட்டான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டா."

மாமா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். வயதில் பெரியவர் யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை முட்டியது. யாரோ ஒருவனுக்காக இவர் எதற்கு இப்படி அழ வேண்டும்? பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதீங்க மாமா. அப்படி ஒரு ஆளே கிடையாது. சித்தி சும்மா சொல்றாங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் மாமாவின் அழுகை நிற்பதற்குப் பதிலாக ஏன் இன்னும் அதிகமானது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.